மயக்க மருந்துப் பிழையால் பாதிப்பா? ஆவணம் வாங்குவதில் தொடங்கி நுகர்வோர் ஆணையத் தீர்ப்பு வரை

ஆபரேஷன் முடிந்தது, நோயாளி கண் விழிக்கவில்லை. அல்லது முதுகில் ஊசி போட்டார்கள், மறுநாளும் காலில் உணர்வு திரும்பவில்லை. 'மயக்க மருந்து ஒத்துக்கொள்ளவில்லை' என்று ஒற்றை வரியில் பதில் சொல்லிவிட்டு எல்லோரும் நகர்ந்துவிடுகிறார்கள். அந்த வரிக்குப் பின்னால் என்ன நடந்தது, தவறு இருந்தால் தமிழ்நாட்டில் யாரிடம் எப்படி நிவாரணம் கேட்பது என்பதையெல்லாம் என் அக்காவின் வழக்குக்காக அலைந்தபோது துண்டு துண்டாகத்தான் தெரிந்துகொண்டேன். யாரும் வரிசையாகச் சொல்லவில்லை. அந்த வரிசையை இங்கே எழுதி வைக்கிறேன். நான் வக்கீல் இல்லை. உங்கள் வழக்குக்கு வக்கீலின் ஆலோசனை கட்டாயம் வேண்டும். ஆனால் அவரிடம் போவதற்கு முன்பே செய்ய வேண்டிய வேலைகள் உண்டு. அவற்றில் சிலவற்றைத் தள்ளிப்போட்டால் பிறகு எந்த வக்கீலாலும் ஈடுகட்ட முடியாது.

1. பிழையா, பக்கவிளைவா?

மயக்க மருந்துக்குப் பிறகு வரும் எல்லாத் தொல்லையும் அலட்சியம் ஆகிவிடாது. முதுகுத்தண்டு ஊசிக்குப் பின் சில நாள் தலைவலி, தொண்டை வலி, வாந்தி இவையெல்லாம் கவனமாகச் செய்தாலும் வரக்கூடியவை. நீதிமன்றம் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: அதே துறையில் சராசரித் திறமையுள்ள ஒரு மருத்துவர் அந்த இடத்தில் எடுத்திருக்கும் கவனத்தை இவர் எடுத்தாரா? பலன் சரியில்லை என்பது மட்டும் போதாது.

மயக்கவியலில் கவனக்குறைவு பெரும்பாலும் சில இடங்களில்தான் ஒளிந்திருக்கும். ஆபரேஷனுக்கு முந்தைய மயக்கப் பரிசோதனை (ஆஸ்பத்திரியில் 'பிஏசி' என்பார்கள்) செய்யாமலே உள்ளே கொண்டுபோவது. வெறும் வயிறா என்று கேட்காமல் மயக்கம் கொடுத்து, வயிற்றில் இருப்பது நுரையீரலுக்குப் போவது. மூச்சுக்குழாய்க்குள் போக வேண்டிய டியூப் உணவுக்குழாய்க்குள் போய், அது நேரத்தில் கண்டுபிடிக்கப்படாமல் இருப்பது. ஆம்பூல் (மருந்து அடைத்த சிறு கண்ணாடிக் குப்பி) மாறிப்போவது: முதுகில் போட வேண்டிய மருந்துக்குப் பதிலாக, ரத்தப்போக்கை நிறுத்தும் டிரானெக்ஸாமிக் அமிலத்தைப் போட்டுவிடும் விபத்து பற்றி உலக சுகாதார நிறுவனமே எச்சரித்திருக்கிறது. மயக்க டாக்டர் நடுவில் வேறு தியேட்டருக்குப் போய்விடுவது. கடைசியாக, பலரும் கவனிக்காமல் விடும் ஒன்று: ஆபரேஷன் முடிந்த பிறகு, மயக்கம் தெளியும் அறையில் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாமல் போவது.

ஒப்புதல் படிவம் தனிக் கதை. 'கையெழுத்துப் போட்டுவிட்டீர்களே' என்று யாராவது சொன்னால் பயப்படாதீர்கள். அது சிகிச்சைக்குக் கொடுத்த சம்மதமே தவிர அலட்சியத்துக்குக் கொடுத்த சம்மதம் அல்ல. சமீரா கோலி வழக்கில் 2008-இல் உச்ச நீதிமன்றம், சிகிச்சையின் தன்மை, ஆபத்து, மாற்றுவழி ஆகியவற்றைப் போதுமான அளவு விளக்கிப் பெற்றதே செல்லுபடியாகும் சம்மதம் என்று சொல்லியிருக்கிறது.

2. முதல் வேலை கேஸ் ஷீட்: 72 மணி நேரக் கணக்கு

கோபம், போலீஸ், வக்கீல் எல்லாம் அப்புறம். முதலில் காகிதம்.

இந்திய மருத்துவ கவுன்சிலின் 2002-ஆம் ஆண்டு நெறிமுறை விதிகளின்படி, நோயாளியோ அவர் அதிகாரம் கொடுத்தவரோ மருத்துவப் பதிவுகளைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். உள்நோயாளிப் பதிவுகளைச் சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து 3 ஆண்டு பாதுகாக்கவும் வேண்டும். பில்லில் பாக்கி இருப்பதைக் காட்டி இழுத்தடித்தால், விதி எண் 1.3.2 என்று கடிதத்திலேயே குறிப்பிடுங்கள். எண்ணைப் பார்த்ததும் பேச்சின் தொனி மாறுவதை நானே பார்த்திருக்கிறேன்.

வெறுமனே 'ரெக்கார்டு வேண்டும்' என்று கேட்டால் டிஸ்சார்ஜ் சம்மரியை நீட்டுவார்கள். அது மருத்துவமனை உங்களுக்குச் சொல்ல விரும்பும் கதை மட்டுமே. கடிதத்தில் ஒவ்வொன்றையும் பெயர் சொல்லிக் கேளுங்கள்:

- பிஏசி படிவம்
- மயக்க மருந்துக்கான தனி ஒப்புதல் படிவம்
- அனஸ்தீசியா சார்ட் (இதுதான் உயிர்நாடி)
- ஆபரேஷன் குறிப்பும் தியேட்டர் பாதுகாப்புச் சரிபார்ப்புப் பட்டியலும்
- மயக்கம் தெளியும் அறைக் குறிப்பு, நர்ஸ்களின் குறிப்பு, மருந்து கொடுத்த பதிவு
- ஐசியூ சார்ட், ரத்த வாயுப் பரிசோதனை முடிவுகள், ஸ்கேன் படங்கள்
- வேறு மருத்துவமனைக்கு மாற்றியிருந்தால் பரிந்துரைக் கடிதம், ஆம்புலன்ஸ் குறிப்பு
- மயக்க டாக்டரின் பெயர், பதிவு எண்
- மருந்து வாரியாகப் பிரித்த பில், பணம் கட்டிய ரசீதுகள்

கடிதம் இரண்டு பிரதி. ஒன்றைக் கொடுத்து, மற்றொன்றில் தேதியோடு முத்திரையும் கையெழுத்தும் வாங்குங்கள். வாங்க மறுத்தால் அன்றே மின்னஞ்சலிலும், ஒப்புகையுடன் தபாலிலும் அனுப்பிவிடுங்கள். மறுத்தார்கள் என்பதே பிறகு உங்களுக்குச் சாதகமான சான்று. அதே கடிதத்தில் இன்னொரு வரியும் சேருங்கள்: தியேட்டர் வாசல், ஐசியூ பகுதிகளின் கேமரா பதிவையும் மானிட்டரில் சேமிக்கப்பட்ட தரவுகளையும் அழிக்காமல் பாதுகாக்க வேண்டும் என்று. கேமரா பதிவுகள் மேலெழுதப்பட்டுவிடும், எனவே இதில் ஒரு நாள் தாமதம்கூடக் கேடு.

அரசு மருத்துவமனை என்றால் இந்தக் கடிதத்தோடு தகவல் அறியும் உரிமைச் சட்ட மனுவும் போடுங்கள். கட்டணம் 10 ரூபாய், பதிலுக்கு 30 நாள். வரவில்லை என்றால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு.

நீங்கள் செய்ய வேண்டிய இன்னொரு காகித வேலையும் உண்டு. எத்தனை மணிக்கு உள்ளே கொண்டுபோனார்கள், எப்போது யார் வெளியே வந்து என்ன சொன்னார்கள், எப்போது ஐசியூவுக்கு மாற்றினார்கள் என்பதை நினைவு மங்குமுன் எழுதிவையுங்கள். வாட்ஸ்அப் செய்திகளும் போன் அழைப்புப் பட்டியலும் நேரத்தைத் துல்லியமாகக் காட்டும், அழிக்காதீர்கள்.

3. அனஸ்தீசியா சார்ட்டைப் படிப்பது எப்படி

கட்டம் போட்ட ஒரு தாள். இடமிருந்து வலமாக நேரம் ஓடும். வழக்கமாக ஒரு கட்டம் 5 நிமிடம். நடுவில் ரத்த அழுத்தமும் நாடித்துடிப்பும் சிறு குறிகளாக, புள்ளிகளாக. மேலேயோ கீழேயோ ஆக்சிஜன் அளவு, வெளிவிடும் மூச்சின் கார்பன் டை ஆக்சைடு அளவு, கொடுத்த மருந்துகள், அவற்றின் நேரம். டியூப் போட்ட நேரம், எத்தனையாவது முயற்சியில் போனது என்பதும் இருக்க வேண்டும்.

டாக்டராக இல்லாவிட்டாலும் சில விஷயங்கள் உங்கள் கண்ணுக்கே படும். எங்காவது கட்டங்கள் காலியாக இருக்கின்றனவா? கார்பன் டை ஆக்சைடு வரி முழுவதும் வெறுமையா? (டியூப் சரியான இடத்தில் இருக்கிறதா என்பதைக் காட்டும் நம்பகமான அளவு அதுதான்.) ஆக்சிஜன் அளவு தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே எண்ணாக, ஒரே பேனாவில், ஒரே மூச்சில் எழுதியதுபோல இருக்கிறதா? அடித்துத் திருத்தி, பக்கத்தில் கையெழுத்து இல்லாமல் விட்டிருக்கிறார்களா?

அப்புறம் மூன்று தாள்களை வரிசையாக வைத்து நேரத்தை ஒப்பிடுங்கள்: அனஸ்தீசியா சார்ட், நர்ஸ் குறிப்பு, ஐசியூ சேர்க்கைக் குறிப்பு. அக்காவின் கோப்பில் சார்ட்டின்படி 10.40-க்கு நாடித்துடிப்பு சீராக இருக்கிறது. நர்ஸ் குறிப்பில் 10.25-க்கே நெஞ்சை அழுத்தி உயிர்ப்பிக்கும் சிகிச்சை தொடங்கிவிட்டது. இரண்டும் உண்மையாக இருக்க வழியில்லை. வக்கீல் அந்த ஒரு பக்கத்தைத்தான் முதலில் மஞ்சள் மையால் கோடு போட்டார்.

4. உயிரிழப்பு என்றால் உடனே முடிவெடுக்க வேண்டியது

எழுதக் கஷ்டமான பகுதி, ஆனால் சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். பிரேதப் பரிசோதனை இல்லாமல் உடலை வாங்கிக்கொண்டால், மரணத்தின் காரணம் மருத்துவமனை எழுதிக்கொடுத்ததுதான் என்று ஆகிவிடும். சந்தேகம் இருந்தால் உடலை வாங்குமுன் காவல் நிலையத்தில் எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுங்கள். அரசு மருத்துவமனையில் பிரேதப் பரிசோதனை நடக்கும். உள்ளுறுப்புகளை ரசாயனப் பகுப்பாய்வுக்கு அனுப்பவும், பரிசோதனையை வீடியோ எடுக்கவும் மனுவிலேயே கேளுங்கள். புகாருக்கு சிஎஸ்ஆர் ரசீதாவது (புகாரைப் பெற்றுக்கொண்டதற்கு நிலையம் தரும் ரசீது) வாங்காமல் நிலையத்தை விட்டு வராதீர்கள்.

உறவினர்கள் கூடி மருத்துவமனைக் கண்ணாடியை உடைக்கும் இடம் பெரும்பாலும் இதுதான். தமிழ்நாட்டில் 2008-ஆம் ஆண்டு முதல் இதற்கென்று தனிச் சட்டம் இருக்கிறது. ஜாமீனில் வெளிவர முடியாத குற்றம். பாதிக்கப்பட்ட குடும்பம் குற்றவாளிக் கூண்டில் நிற்கும், எதிர்த்தரப்புக்கு அது பெரிய வசதி.

5. இன்னொரு மயக்க டாக்டரின் கருத்து

அலட்சியத்தை நிரூபிக்கும் பொறுப்பு பொதுவாக உங்களுடையது. எல்லா வழக்குக்கும் நிபுணர் சாட்சியம் கட்டாயமில்லை என்று கிஷன் ராவ் வழக்கில் 2010-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது உண்மைதான். ஆனால் மயக்கவியல் போன்ற துறையில் அதை நம்பிக் களத்தில் இறங்குவது என் பார்வையில் விஷப்பரீட்சை. தவறான மருந்தை ஊசியில் ஏற்றியது போன்ற வெட்ட வெளிச்சமான பிழைக்கு வேண்டுமானால் நிபுணர் இல்லாமல் போகலாம்.

உள்ளூர் மருத்துவர்கள் எழுதித் தரத் தயங்குவார்கள். ஒரே சங்கக் கூட்டத்தில் முகம் பார்த்துக்கொள்பவர்கள். வேறு மாவட்டத்தில், அரசு மருத்துவக் கல்லூரியில் மயக்கவியல் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்றவரைத் தேடுங்கள். கோப்பை அனுப்புமுன் 'எங்கள் பக்கம் நியாயம் இல்லை என்றால் அதையும் சொல்லுங்கள்' என்று சொல்லிவிடுங்கள். 'இல்லை' என்ற நேர்மையான பதில் பல வருட அலைச்சலை மிச்சப்படுத்தும். எழுதித் தருபவரின் கருத்தைப் பிரமாணப் பத்திரமாகவே வாங்குங்கள். வெறும் கடிதத்துக்கு நுகர்வோர் ஆணையத்தில் எடை குறைவு. யாருமே கிடைக்காவிட்டால், அரசு மருத்துவக் கல்லூரியின் மருத்துவக் குழுவுக்குக் கோப்பை அனுப்பும்படி ஆணையத்திடமே மனு போடலாம்.

6. எந்தக் கதவைத் தட்டுவது

இழப்பீடு வேண்டும் என்றால் நுகர்வோர் ஆணையம். வி.பி. சாந்தா வழக்கில் 1995-இல் வந்த தீர்ப்பால் கட்டண மருத்துவ சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வந்துவிட்டது. கட்டணத்தைக் காப்பீடு கட்டியிருந்தாலும் நீங்கள் நுகர்வோர்தான். மற்றவர்களிடம் கட்டணம் வாங்கும் மருத்துவமனை உங்களுக்கு மட்டும் இலவசமாகச் செய்திருந்தாலும் அப்படியே.

எல்லோருக்கும் முழு இலவசமாக நடக்கும் அரசு மருத்துவமனை இந்தச் சட்டத்தில் வராது. அதற்காகக் கைவிட வேண்டியதில்லை. உரிமையியல் நீதிமன்றத்தில் இழப்பீட்டு வழக்குப் போடலாம். அரசு என்பதால் 2 மாத முன்னறிவிப்பு அனுப்ப வேண்டும். அலட்சியம் ஆவணத்திலேயே வெளிப்படையாகத் தெரிந்தால் சென்னை உயர் நீதிமன்றத்திலோ மதுரைக் கிளையிலோ ரிட் மனு போடலாம். உண்மை விவரமே தகராறில் இருந்தால் உரிமையியல் நீதிமன்றத்துக்குப் போகச் சொல்லிவிடுவார்கள். மாநில மனித உரிமை ஆணையமும் உண்டு, ஆனால் சம்பவம் நடந்து 1 ஆண்டுக்குள் போக வேண்டும்.

மருத்துவர்மீது தொழில்முறை நடவடிக்கை வேண்டும் என்றால் தமிழ்நாடு மருத்துவ கவுன்சில். எச்சரிக்கலாம், குறிப்பிட்ட காலம் பதிவிலிருந்து பெயரை நீக்கலாம். பணம் வாங்கித் தராது. மருத்துவமனையின் வசதிக் குறைபாடுகள் பற்றிய புகாரை மாவட்ட மருத்துவ மற்றும் ஊரக நலப்பணிகள் இணை இயக்குநரிடம் கொடுங்கள்.

குற்ற வழக்கைப் பற்றிப் பலருக்கும் மிகையான எதிர்பார்ப்பு இருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 106(1) பிரிவில், அலட்சியத்தால் மரணம் விளைவித்த பதிவு பெற்ற மருத்துவருக்கு அதிகபட்சம் 2 ஆண்டு சிறையும் அபராதமும். ஜேக்கப் மேத்யூ வழக்கில் 2005-இல் உச்ச நீதிமன்றம் விதித்த நிபந்தனைப்படி சாதாரணக் கவனக்குறைவு இதற்குப் போதாது, மிகக் கடுமையான அலட்சியம் வேண்டும். அதே துறை சார்ந்த, முடிந்தால் அரசுப் பணியில் உள்ள, சார்பற்ற மருத்துவரின் கருத்தையும் போலீஸ் முதலில் வாங்க வேண்டும். குற்ற வழக்கு தேவைப்படும் சம்பவங்கள் உண்டு. ஆனால் குடும்பத்தின் மருத்துவச் செலவுக்கு அது வழி காட்டாது.

இந்தக் கதவுகளில் பலவற்றை ஒரே நேரத்தில் தட்டலாம். இழப்பீட்டை மட்டும் இரண்டு இடத்தில் கேட்காதீர்கள்.

7. நுகர்வோர் புகார் மனு போடும் முறை

காலக்கெடு 2 ஆண்டு. இதைச் சுவரில் எழுதிவைக்கலாம். கவுன்சிலில் புகார் நிலுவையில் இருக்கிறது, அந்த முடிவு வரட்டும் என்று காத்திருந்து காலக்கெடுவைத் தவறவிட்டவர்களை ஆணைய வராந்தாவில் சந்தித்தேன். கவுன்சிலில் நடக்கும் விசாரணை இந்தக் கடிகாரத்தை நிறுத்தாது. தாமதத்தை மன்னிக்கும் அதிகாரம் ஆணையத்துக்கு உண்டு, ஆனால் தகுந்த காரணம் காட்ட வேண்டும். மருத்துவமனை அதை எதிர்த்து வாதாடுவதிலேயே மாதங்கள் போகும்.

எந்த ஆணையம் என்பது நீங்கள் கேட்கும் இழப்பீட்டைப் பொறுத்தது அல்ல, சிகிச்சைக்குக் கட்டிய தொகையைப் பொறுத்தது. 50 லட்சம் வரை மாவட்ட ஆணையம், 2 கோடி வரை மாநில ஆணையம், அதற்கு மேல் தேசிய ஆணையம். ஆக, 2 லட்சம் பில் கட்டிவிட்டு 80 லட்சம் இழப்பீடு கேட்டாலும் மாவட்ட ஆணையம்தான். மனுக் கட்டணமும் இதே கணக்கில்: கட்டிய தொகை 5 லட்சம் வரை கட்டணமே இல்லை, 10 லட்சம் வரை 200 ரூபாய், 20 லட்சம் வரை 400, 50 லட்சம் வரை 1,000.

2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் கிடைத்த பெரிய வசதி, நீங்கள் குடியிருக்கும் அல்லது வேலை பார்க்கும் மாவட்டத்திலேயே மனு போடலாம் என்பது. சென்னையில் ஆபரேஷன் நடந்திருந்தாலும் திருநெல்வேலியில் வழக்கு நடத்தலாம். நுகர்வோர் ஆணையங்களுக்கான இ-ஜாக்ருதி இணையதளத்தில் ஆன்லைனிலும் தாக்கல் செய்யலாம். வக்கீல் வைத்துத்தான் ஆக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

மனுவுக்கு முன் வக்கீல் நோட்டீஸ் சட்டப்படி கட்டாயமில்லை, ஆனாலும் அனுப்புங்கள். வரும் பதிலில் மருத்துவமனை ஒரு நிலைப்பாட்டுக்குள் தன்னைக் கட்டிக்கொள்ளும். பிறகு கதையை மாற்றினால் காட்டிக்கொடுக்கும்.

யாரை எதிர்த்தரப்பாகச் சேர்ப்பது? மருத்துவமனை கட்டாயம். மயக்க டாக்டர் பெரும்பாலும் வெளியிலிருந்து அழைக்கப்பட்டவராக இருப்பார். 'அவர் எங்கள் ஊழியர் இல்லை' என்பார்கள். அழைத்துவந்தது மருத்துவமனை, பொறுப்பும் அதற்குண்டு. சவிதா கார்க் வழக்கில் 2004-இல், குறிப்பிட்ட டாக்டரைச் சேர்க்காவிட்டாலும் மருத்துவமனைமீது வழக்கு நிற்கும் என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. இருந்தாலும் மயக்க டாக்டர், அறுவை மருத்துவர் இருவரையும் சேர்ப்பது நல்லது. அவர்களுடைய தொழில்முறைக் காப்பீட்டு நிறுவனம் தெரிந்தால் அதையும்.

இழப்பீட்டை மொத்தமாக ஒரு எண்ணாகக் கேட்காதீர்கள். ஆன செலவு, இனி ஆகப்போகும் செலவு, பார்த்துக்கொள்ளும் ஆளின் சம்பளம், இழந்த வருமானம், வலியும் மன உளைச்சலும், வட்டி, வழக்குச் செலவு என்று பிரித்து, ஒவ்வொன்றுக்கும் காகிதம் வையுங்கள். பிசியோதெரபிக்கு ஆட்டோவில் போன கணக்குகூட நோட்டில் இருக்கட்டும். பாதிக்கப்பட்டது குழந்தை என்றால் பெற்றோரின் மன வேதனைக்கும் தனியாகக் கேட்கலாம். ஸ்பிரிங் மெடோஸ் வழக்கில் 1998-லேயே அதை ஏற்றிருக்கிறார்கள்.

எதிர்த்தரப்பு 30 நாளில் பதில் தாக்கல் செய்ய வேண்டும். ஆணையம் கூடுதலாகத் தரக்கூடியது 15 நாள் மட்டுமே. அதற்கு மேல் அவகாசம் தரும் அதிகாரம் ஆணையத்துக்கு இல்லை என்று 2020-இல் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்திருக்கிறது. நாளை எண்ணிக்கொண்டே இருங்கள், தாண்டினால் உடனே சுட்டிக்காட்டுங்கள்.

8. செலவும் காலமும்

சட்டப் புத்தகத்தில் 3 மாதத்தில் முடிக்க வேண்டும் என்று இருக்கிறது. அதை நம்பி எதையும் திட்டமிடாதீர்கள். மருத்துவ வழக்குகள் வருடக்கணக்கில் போகின்றன. உண்மையான செலவு வக்கீல் கட்டணமும் நிபுணர் கட்டணமும் நகல் எடுக்கும் செலவும்தான். கட்டணத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்து எழுத்தில் பேசிக்கொள்ளுங்கள். 'ஜெயித்தால் இத்தனை சதவீதம்' என்ற ஒப்பந்தம் பார் கவுன்சில் விதிப்படி கூடாது. அப்படிக் கேட்பவரிடமிருந்து விலகிவிடுங்கள்.

பெண்கள், குழந்தைகள், மாற்றுத்திறனாளிகள், பட்டியல் சாதி மற்றும் பழங்குடியினருக்கு வருமான வரம்பு இல்லாமலே மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக வக்கீல் தரும். மயக்கப் பிழையால் முடங்கிய பலர் இந்தப் பட்டியலுக்குள் வந்துவிடுவார்கள். மாற்றுத்திறனாளி சான்றிதழை முன்கூட்டியே வாங்கிவிடுங்கள், இழப்பீட்டுக் கணக்குக்கும் அது வேண்டும்.

9. சமரசப் பணம்

'பில் தள்ளுபடி, கையில் கொஞ்சம் பணம்' என்று மருத்துவமனை நிர்வாகம் கூப்பிட்டுப் பேசும். பேசுவதில் தப்பில்லை, சமரசமே நல்ல முடிவாக இருக்கும் வழக்குகளும் உண்டு. ஆனால் ரசீதில் 'முழுமையாகவும் இறுதியாகவும் பெற்றுக்கொண்டேன், இனி எந்தக் கோரிக்கையும் இல்லை' என்று ஒரு வரி இருக்கும். மூளை பாதிப்பு எவ்வளவு தேறும் என்பது தெரியாத நிலையில் அந்த வரியின் கீழ் கையெழுத்துப் போடாதீர்கள். ஆணையம் சமரச மையத்துக்கு அனுப்பிவிடுமோ என்ற பயமும் வேண்டாம்: மரணமோ கடும் காயமோ விளைந்த மருத்துவ அலட்சிய வழக்குகள் நுகர்வோர் சமரச விதிகளிலிருந்து விலக்கப்பட்டவை.

வழக்கு நடக்கும்போது டாக்டர் பெயரைப் போட்டு முகநூலில் எழுதுவதும் வேண்டாம். அவதூறு வழக்கு என்று எதிர்வழக்கு வரும், உங்கள் வக்கீலின் நேரம் அதற்குப் போகும்.

10. தீர்ப்பு வந்த பிறகு

மாவட்ட ஆணையத் தீர்ப்பை எதிர்த்து மாநில ஆணையத்துக்குப் போக 45 நாள் அவகாசம். மருத்துவமனை மேல்முறையீடு செய்தால் உத்தரவிட்ட தொகையில் பாதியை முதலில் கட்ட வேண்டும். மாநில ஆணையம் சென்னையில் இருக்கிறது, மதுரையில் கிளை அமர்வு உண்டு. மேல்முறையீடும் இல்லை, பணமும் வரவில்லை என்றால் நிறைவேற்று மனு போடுங்கள். உத்தரவை மதிக்காதவருக்கு 1 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறையோ, 25,000 ரூபாய்க்குக் குறையாமல் 1 லட்சம் வரை அபராதமோ, இரண்டுமோ உண்டு. தீர்ப்பின் சான்றிட்ட நகலைத் தரப்பினருக்கு இலவசமாகத் தருவார்கள். அதை வாங்கிய தேதியைக் குறித்துவையுங்கள், மேல்முறையீட்டு நாட்களைக் கணக்கிடும்போது தேவைப்படும்.